கோவலன் தலைவன்தானா? காப்பியத் தலைவர்களை எந்தக் கோலால் அளப்பது

காவிரிக்கரை:
வாசிப்பு வட்டத்துக்காக ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாராகிறது. நான்கு பேர்: சிலம்பின் கோவலன், சிந்தாமணியின் சீவகன், கம்பனின் இராமன், இலியட்டின் அக்கிலீஸ். வரிசைகள்: பிறப்பு, வீரம், குறை, வீழ்ச்சி, முடிவு. மற்ற மூவருக்கும் கட்டங்கள் நிரம்பிவிட்டன. கோவலனுக்கு 'வீரம்' வெறுமையாக நிற்கிறது. 'குறை' மட்டும் கட்டத்தைத் தாண்டி வழிகிறது. 30 காதைகளில் 16-ஆவதிலேயே வெட்டுப்பட்டுச் சாகிறான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குச் சொல்லும் 'தன்னிகர் இல்லாத் தலைவன்' இவனுக்கு எப்படிப் பொருந்தும்? அரிஸ்டாட்டில் வழியில் 'துன்பியல் தலைவன்' என்று எழுதி முடித்துவிடலாமா? குணக்குறையால் வீழ்ந்தவன் என்று?

சுவடிப்பூச்சி:
எழுதி முடித்துவிடாதீர்கள். முதலில் வீரக் கட்டத்தைப் பாருங்கள், அது வெறுமை இல்லை. அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் கோவலனை மூன்று விளிகளால் அழைக்கிறான்.

'கருணை மறவ': மதயானையின் கையில் சிக்கிய முதிய அந்தணனை விடுவித்து, யானையின் பிடரியில் ஏறி அதை அடக்கியதற்காக.
'செல்லாச் செல்வ': கீரியைக் கொன்ற பழியால் கணவன் கைவிட்ட பார்ப்பனிக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்துவைத்ததற்காக.
'இல்லோர் செம்மல்': பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அவனுக்குப் பதில் என்னுயிரைக் கொள் என்று நின்றதற்காக. பூதம் மறுத்து அவனைக் கொன்றுவிடுகிறது. இறந்தவனின் சுற்றத்தைக் கோவலன் பல ஆண்டு காக்கிறான்.

யானை அடக்கியது வீரம் இல்லை என்றால் வேறு எதை அந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? பலரும் இதைத் தவறவிடுவதற்குக் காரணம், இது நிகழ்ச்சியாக வராமல் பிறர் வாயிலாக வருவதுதான். புகார்க் காண்டத்தின் பத்துக் காதைகளிலும் இதைப் பற்றி மூச்சு இல்லை. கொலைக்குச் சரியாக ஒரு காதை முன்னால் வைத்திருக்கிறார் இளங்கோ. 'இம்மைச் செய்தன யானறி நல்வினை' என்று மாடலன் முடிப்பதைக் கவனியுங்கள். இந்தப் பிறவியில் நல்லதே செய்தாய், பின் ஏன் இந்த நிலை என்ற கேள்வி அங்கே நடப்படுகிறது.

இனி தண்டி. 'தன்னிகர் இல்லாத் தலைவனை யுடைத்தாய்' என்பது 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ் வரி. அதன் மூலமான வடமொழிக் காவ்யாதர்சத்தில் இருப்பது 'சதுரோதாத்த நாயகம்'. சதுரன், உதாத்தன்: அறிவுத்திறமும் பெருந்தன்மையும் உள்ளவன். 'ஒப்பில்லாதவன்' என்ற சொல் அங்கே இல்லை. தமிழில் ஆக்கியவர் ஏற்றி எழுதியிருக்கிறார். அந்த ஏற்றிய அளவுகோலைச் சில நூற்றாண்டுகள் முந்திய நூலின்மேல் வைத்து, 'குறைகிறது' என்கிறோம். சிலம்பு தன்னைப் பெருங்காப்பியம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பதிகத்தில் இருப்பது 'நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்'.

இலம்பகம்:
பூச்சியார் சொன்னதற்கு ஒரு துணை, ஒரு மறுப்பு.

துணை: அதே தண்டியில் அடுத்த சூத்திரத்தில் 'கூறிய உறுப்பிற் சிலகுறைந் தியலினும் வேறுபா டின்றென விளம்பினர் புலவர்' என்று விதிவிலக்கும் உண்டு.

மறுப்பு: அந்த விலக்கு மலை, கடல், பருவம், இருசுடர்த் தோற்றம் போன்ற வருணனை உறுப்புகளுக்குத்தான் பொருந்தும். தலைவன் உறுப்பு இல்லை, உடம்பு. கார்காலம் பாடாமல் காப்பியம் செய்யலாம், தலைவன் இல்லாமல் செய்ய முடியாது.

தண்டியின் அச்சில் வார்த்தெடுத்தவன் யார் என்றால் சீவகன்தான். 13 இலம்பகம், 3145 பாட்டு, எட்டு மணம், கட்டியங்காரனைக் கொன்று மீட்ட அரசு, கடைசியில் முத்தியிலம்பகத்தில் துறவு. அறம் பொருள் இன்பம் வீடு நான்கும் ஒருவனிடமே முழுமையாக முடிகின்றன. அதனால்தான் சீவகனைப் பற்றி விவாதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை! (அவன் ரசிகர்கள் மன்னிக்க.)

கோவலனுக்குப் பொருந்தும் பெட்டி வடமொழி நாடக நூல்களில் இருக்கிறது. நாயகர் நான்கு வகை என்று நாட்டிய சாத்திரம் தொடங்கிவைத்ததை, 10-ஆம் நூற்றாண்டில் தனஞ்சயனின் தசரூபகம் இறுக்கமாக வரையறுத்தது:

தீரோதாத்தன்: ஆழம், பொறை, தற்புகழ்ச்சி இன்மை, அடக்கிய செருக்கு, எடுத்த உறுதி விடாமை. இராமன்.
தீரோத்ததன்: செருக்கு, பொறாமை, மாயம், கொதிப்பு, தற்புகழ்ச்சி. பரசுராமனும் இராவணனும் இந்தப் பக்கம்.
தீரலலிதன்: கவலையற்றவன், கலையில் தோய்ந்தவன், மென்மையானவன். உதயணன்.
தீரசாந்தன் அல்லது தீரபிரசாந்தன்: அந்தணர், வணிகர் முதலியோர். மிருச்சகடிக நாடகத்தின் சாருதத்தன்.

கோவலன் வணிகன். ஆக நான்காவது பெட்டி. அக்கிலீஸோடு அவனை நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. சாருதத்தனோடு நிறுத்துங்கள், அட்டவணை பேச ஆரம்பிக்கும்.

காவிரிக்கரை:
மிருச்சகடிகம் படித்ததில்லை. ஒற்றுமை எவ்வளவு தூரம் போகிறது?

இலம்பகம்:
வியப்பூட்டும் அளவுக்கு. பத்து அங்க நாடகம், சூத்ரகன் பெயரில் வழங்குவது. சாருதத்தன் பிறப்பால் அந்தணன், தொழிலால் வணிகக் குடி. கொடுத்துக் கொடுத்தே ஏழையானவன். மனைவி தூதா, காதலி கணிகை வசந்தசேனை. வசந்தசேனை அடைக்கலமாக வைத்த நகை களவு போகிறது. பழி வரக்கூடாது என்று தூதா தன் முத்துமாலையைக் கழற்றித் தருகிறாள். ஒன்பதாம் அங்கத்தில் வசந்தசேனையைக் கொன்றதாகச் சாருதத்தன்மேல் பொய்வழக்கு. நண்பன் மைத்ரேயன் இடுப்பில் செருகியிருந்த நகை வழக்குமன்றத்தில் கீழே விழ, அதுவே சான்றாகிறது. பத்தாம் அங்கத்தில் கொலைக்களம்.

வணிகன், கணிகை, தன் அணியைக் கழற்றித் தரும் மனைவி, நகையே சான்றாகும் பொய்க்குற்றம், கொலைக்களம். ஐந்தும் சிலம்பில் உண்டு. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வேறுபாடுதான் முக்கியம்.

சாருதத்தனுக்கு விசாரணை நடக்கிறது. கோவலனுக்கு இல்லை. சாருதத்தன் கழுத்துக்கு வாள் வருமுன் வசந்தசேனை உயிரோடு வந்து நிற்கிறாள். கோவலன் வெட்டுப்பட்ட பிறகே வழக்கு, அதுவும் மனைவி தொடுத்த வழக்கு. ஒரே வகைத் தலைவன்தான். தண்டனைக்கும் விசாரணைக்கும் உள்ள வரிசையை மாற்றினால் ஒன்று இன்பியலாகவும் மற்றது துன்பியலாகவும் ஆகிவிடுகிறது.

தெற்குவாசல்:
அருமை. ஆனால் புகார்க் காண்டத்துக் கோவலன் சாந்தனா? யாழை வாங்கிக் கானல்வரி பாடுகிறவன், மாதவியின் பதில் பாட்டில் இன்னொருவன் இருப்பதாக ஊடிக்கொண்டு, 'மாயப் பொய்பல கூட்டும் மாயத்தாள்' என்று எழுந்து போகிறவன், அசல் லலிதன் ஆயிற்றே.

இலம்பகம்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். லலிதன்தான், ஆனால் அமைச்சன் இல்லாத லலிதன்.

தசரூபகம் லலிதனுக்குச் சொல்லும் முதல் அடைமொழியே 'நிச்சிந்தன்', கவலையற்றவன். ஏன் கவலை இல்லை? அரசை வேறொருவர் சுமக்கிறார். பெருங்கதையில் உதயணன் யாழும் காதலுமாகத் திரியலாம், அமைச்சன் யூகி இருக்கிறான். உதயணன் சிறைப்பட்டால் யூகி சூழ்ச்சி செய்து மீட்பான், நாடு போனால் யூகி திருப்புவான். கோவலனின் கணக்கை யார் பார்த்தது? மாதவியின் மாலை விலை 1008 கழஞ்சு பொன். கூனியிடம் அதை வாங்கிய நாளிலிருந்து கொடுப்பது மட்டுமே நடக்கிறது. கடைசியில் 'குலந்தரு வான்பொருட் குன்றம் தொலைந்த இலம்பாடு நாணுத் தரும்' என்று வீடு திரும்புகிறான். அரசனுக்கு உரிய வாழ்க்கை முறையை வணிகன் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இளங்கோவின் விடை அந்த 'இலம்பாடு'.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஆள் நூலுக்கு நூல் வகை மாறலாம், ஆனால் ஒரு நூலின் முதன்மைத் தலைவன் அந்த நூலுக்குள் வகை மாறக்கூடாது என்பது தசரூபக உரைகாரர் தனிகரின் கருத்து. கோவலன் புகாரில் லலிதன், மதுரைச் சாலையில் சாந்தன். அந்த விதிப்படி அவன் முதன்மைத் தலைவனே இல்லை என்று ஆகும். இதற்கு என்னிடம் விடை இல்லை. அல்லது, விடை வேறு யாரிடமோ இருக்கிறது.

தெற்குவாசல்:
துன்பியல் தலைவன் பற்றிக் காவிரிக்கரை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அரிஸ்டாட்டிலின் கவிதையியல் 13-ஆம் இயலில் ஒரு வடிகட்டல் நடக்கிறது. முழு நல்லவன் வீழ்ந்தால் இரக்கமோ அச்சமோ வராது, அருவருப்பே வரும். தீயவன் உயர்ந்தால் அதைவிட மோசம். தீயவன் வீழ்ந்தால் மனநிறைவு வரலாம், இரக்கம் வராது. மிஞ்சுபவன் இடைப்பட்டவன்: பெரும்பேரும் வளமும் உள்ளவன், தீமையால் அல்லாமல் ஒரு 'ஹமார்த்தியா'வால் வீழ்பவன்.

அந்தச் சொல்லைக் 'குணக்குறை' என்று மொழிபெயர்ப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அதன் வினைச்சொல் அம்பு குறி தப்புவதற்கு வழங்குவது. பிழை, தப்பிய கணிப்பு, ஆள் தெரியாமல் செய்த செயல் என்பதுதான் பொருள். ஈடிபஸ் கெட்டவன் என்பதால் வீழவில்லை, தந்தையைத் தந்தை என்று அறியாமல் கொன்றதால் வீழ்ந்தான். குணக்குறை என்று எழுதிக்கொண்டால் என்ன நடக்கும்? மாதவியிடம் போனது கோவலனின் குறை, அதனால் செத்தான் என்று கோடு கிழித்துவிடுவீர்கள். நூலில் அந்தக் கோடு இல்லை. சாவுக்குக் காரணம் பொற்கொல்லனின் களவும், அரசனின் அவசரமும், பழைய பிறப்பில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்த வினையும். மாதவி உறவுக்கான தண்டனை வறுமையோடு முடிந்துவிட்டது.

இனி, ஹமார்த்தியாவுக்கான இலக்கணம் சிலம்பில் அட்சரம் பிசகாமல் பொருந்தும் ஆள் ஒருவன் உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியன்.

பெரும்பேர் உள்ளவன். கெட்டவன் இல்லை. அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகும் வழியில் பொற்கொல்லன் குறுக்கிட, 'சினையலர் வேம்பன் தேரான் ஆகி'க் கட்டளை இடுகிறான். தேரான் என்ற ஒரு சொல்தான் ஹமார்த்தியா. கட்டளையில்கூட 'கள்வன் கையது ஆகின்' என்று நிபந்தனை இருக்கிறது. ஆனால் சிலம்பு கையில் இருந்தாலே அது அரசியுடையது என்று ஆகாதே? அந்த இடைவெளிக்குள் ஒருவன் உயிர் போகிறது. பிறகு சிலம்பு உடைகிறது, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தெறித்தது மாணிக்கம். அரிஸ்டாட்டில் 11-ஆம் இயலில் மிக உயர்ந்தது என்று சொல்லும் அமைப்பு, அறிதலும் தலைகீழ் மாற்றமும் ஒரே கணத்தில் நிகழ்வது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற வரியில் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. அடுத்த மூச்சில் விழுந்து இறக்கிறான்.

கோவலனுக்கு அந்த அறிதல் கிடைக்கவே இல்லை. காவலர் சூழ்ந்தபின் அவன் வாயில் ஒரு சொல் இல்லை. பார்த்த காவலனே 'கொலைப்படு மகன் அலன்' என்கிறான். கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலே செத்தவனைத் துன்பியல் தலைவன் என்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

காவிரிக்கரை:
அப்படியானால் கோவலனுக்குத் தன் பிழை தெரியவே தெரியாது என்கிறீர்களா? கொலைக்களக் காதையில் 'இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன், சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்' என்று சொல்கிறானே?

தெற்குவாசல்:
நல்ல மறுப்பு, ஏற்கிறேன். அது அறிதல்தான், ஆனால் வேறு ஒன்றைப் பற்றிய அறிதல். வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி. சாவைப் பற்றி அல்ல. அதற்குக் கண்ணகி என்ன சொல்கிறாள் பாருங்கள்: 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்'. மன்னிப்பு என்ற சொல் இரு பக்கமும் இல்லை. நடந்ததற்குப் பெயர் வைக்கிறாள், அவ்வளவுதான். அந்த உரையாடலைத் தனி வரிசையாகவே அட்டவணையில் போடலாம்: 'தலைவனின் பிழையை அவன் முகத்துக்கு நேரே சொல்பவர் யார்?' இராமனுக்கு வாலி. பாண்டியனுக்குக் கண்ணகி. சீவகனுக்கு எனக்குத் தெரிந்து யாரும் இல்லை, இலம்பகம் திருத்தட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். வழக்குரை காதைக்குச் சிலம்பின் பழைய உரைகாரர் அடியார்க்குநல்லாரின் உரை கிடையாது. கிடைத்திருப்பது ஊர்சூழ் வரி வரைதான், நடுவில் கானல்வரிக்கும் இல்லை. இணையத்தில் 'அடியார்க்குநல்லார் கூறுகிறார்' என்று வழக்குரை காதைக்கு மேற்கோள் பார்த்தால் நம்ப வேண்டாம். அங்கே பழைய உரை என்று இருப்பது அரும்பதவுரை மட்டும்.

இலம்பகம்:
சீவகனுக்கு யாரும் இல்லைதான். திருத்த ஒன்றும் இல்லை.

வெண்பாக்காரன்:
ஜோசப் கேம்பல் 1949-இல் சொன்ன 17 கட்ட வீரப் பயணத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லாரையும் ஒரே அட்டவணையில் அடக்கிவிடலாமே? புறப்பாடு, சோதனை, திரும்பல்.

சுவடிப்பூச்சி:
திரும்பல் எங்கே? கோவலன் திரும்பவில்லை, அக்கிலீஸ் திரும்பப் போவதில்லை என்று தெரிந்தே சண்டை போடுகிறான். எல்லாருக்கும் பொருந்தும் சட்டையைப் போட்டுப் பார்த்தால் யாருடைய உடம்பும் தெரியாது. ஒடிசியூஸுக்குப் பொருந்தும், இராமனுக்கும் ஓரளவு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புறத்திணை:
அக்கிலீஸ் பற்றி. முதலில் ஒரு பொதுப் பிழை: குதிகால் கதை இலியட்டில் இல்லை. அக்கிலீஸின் சாவே இலியட்டில் இல்லை. 24 பாகங்களில் கடைசியானது திராய் வீரன் எக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. 'முடிவு' கட்டத்தில் 'குதிகாலில் அம்பு பட்டு இறந்தான்' என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள்.

நூலின் முதல் சொல்லே சினம். அதற்கு ஹோமர் வைத்திருக்கும் சொல் பெரும்பாலும் தெய்வங்களின் சினத்துக்கு வழங்குவது. முதல் பாகத்தில் கோபித்துக்கொண்டு விலகியவன், 20-ஆம் பாகத்தில்தான் மீண்டும் போரில் இறங்குகிறான். நூலின் பெரும்பகுதி தலைவன் சண்டைக்கு வராததால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. தலைவன் இல்லாத இடமும் காப்பியத்தை நடத்தும். சிலம்பில் 16-க்குப் பிறகு கோவலன் செய்வதும் அதுதான் என்று நினைத்துப் பாருங்கள்.

9-ஆம் பாகத்தில் அக்கிலீஸ் தன் இரு விதிகளைச் சொல்கிறான்: இங்கே நின்று போரிட்டால் அழியாப் புகழ், ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், புகழ் இல்லை. இதற்குத் துணையாகப் பலரும் புறநானூறு 182-ஐ வைப்பார்கள், 'புகழெனின் உயிருங் கொடுக்குவர்'. அந்த ஒப்பீடு பாதி தூரமே போகும். அடுத்த அடி 'பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்'. மேலும் அந்தப் பாட்டு போர்வீரனைப் பற்றியதே அல்ல, 'உண்டாலம்ம இவ்வுலகம்' என்று தொடங்கிப் பிறர்க்கென முயலுநரைப் பற்றியது.

புறப்பாட்டின் வீரனை அளக்கும் கோல் நாணம். அதற்குச் சரியான பாட்டு 66. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரன் முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து (உண்ணாதிருந்து) உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனைப் பார்த்தே சொல்கிறார்: 'நின்னினும் நல்லன் அன்றே'. புறப்புண் நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று. இந்த இழையில் நாம் செய்கிற ஒப்பீட்டை அவர் ஒரே பாட்டில், வென்றவன் முகத்துக்கு நேரே செய்து முடித்துவிட்டார்.

காவிரிக்கரை:
66-ஐச் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் 'தலைவன்' என்ற சொல்லே இப்போது வழுக்குகிறது. அகத்திலும் தலைவன், காப்பியத்திலும் தலைவன்.

புறத்திணை:
வழுக்கத்தான் செய்யும். உரைகாரர்கள் அதற்காகவே இரண்டாகப் பிரித்தார்கள்: பாட்டுடைத் தலைவன், கிளவித் தலைவன். முன்னவன் பாட்டு யாரைச் சிறப்பிக்கிறதோ அவன், பெயர் உண்டு. பின்னவன் பாட்டுக்குள் காதலித்து, பிரிந்து, பேசுகிறவன். அகத்தில் அவனுக்குப் பெயர் சொல்லக்கூடாது, 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம்.

பட்டினப்பாலை 301 அடி. பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினமும் கரிகாலனின் வெற்றியும். கதை என்று இருப்பது, பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று பெயர் தெரியாத ஒருவன் நெஞ்சிடம் சொல்வது மட்டும். கரிகாலன் பாட்டுடைத் தலைவன், அந்தப் பெயரற்றவன் கிளவித் தலைவன். கலக்கினால் கரிகாலனே மனைவியை விட்டுப் போகத் தயங்கினான் என்று எழுதிவிடுவீர்கள். அப்படி எழுதியவர்களும் உண்டு.

நெடுநல்வாடையில் இது எவ்வளவு கூர்மை என்று தெரியும். 188 அடி. பாசறையில் அரசன், அரண்மனையில் வாடும் அரசி, யாருக்கும் பெயர் இல்லை, முழுக்க அகம். ஆனால் ஓரிடத்தில் 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு' என்று வேலில் வேப்பம்பூ வந்துவிட்டது. வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆகவே ஒருவனைச் சுட்டியதாகும், ஆகவே புறம் என்றார் உரைகாரர் நச்சினார்க்கினியர். ஒரு பூ, தலைவனின் வகையையே மாற்றிவிட்டது.

வெண்பாக்காரன்:
அப்போ சிலம்பின் பாட்டுடைத் தலைவன் சேரன் செங்குட்டுவன். கணக்கு முடிந்தது. வடநாட்டு அரசர் கனக விசயரை வென்ற போரை 18 நாழிகை என்று சொல்லி, தேவாசுரப் போர் 18 ஆண்டு, இராமன் போர் 18 மாதம், பாரதப் போர் 18 நாள் என்ற வரிசையில் வைக்கிறார் இளங்கோ. இதைவிட என்ன வேண்டும்?

சுவடிப்பூச்சி:
முடியவில்லை. பதிகத்தில் சாத்தனார் சொல்வது 'முடிகெழு வேந்தர் மூவர்க்கும் உரியது'. மூவருக்கும் உரியதை ஒருவன் தலையில் கட்ட முடியாது. 18-களின் வரிசை வஞ்சிக் காண்டத்துப் புகழ்ச்சி. அதை நூல் முழுக்கப் பரப்பினால் புகார்க் காண்டத்தில் செங்குட்டுவனுக்கு என்ன வேலை?

தெற்குவாசல்:
கம்பனைத் தொடாமலே போகிறோம். சுருக்கமாக. எதிரியின் குலம், வீரம், கல்வி ஆகியவற்றை வருணித்துவிட்டு அவனை வென்றதாகத் தலைவனைக் காட்டுவது எங்களுக்கு இன்பம் தருகிறது என்று காவ்யாதர்சம் ஒரு வழி சொல்கிறது. கம்பன் அதை எல்லை வரை கொண்டுபோனவன். 'வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்' என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்' என்கிறான். தோற்றவனின் பெருமையை முழுதும் எண்ணிய பிறகே தோல்வி. 'இன்றுபோய்ப் போர்க்கு நாளைவா' என்ற பொறையும் அங்கேதான். தீரோதாத்தன் தீரோத்ததனை எதிர்கொள்ளும் பாடநூல் காட்சி.

ஆனால் இராமன் கட்டத்தில் 'குறை: இல்லை' என்று போட்டிருந்தால் வாலி வதைப் படலத்தைத் திறக்கவும். அம்பில் இராமன் பெயரைப் படித்துவிட்டு வாலி தொடுக்கும் கேள்விகளுக்கு இராமன் பதில் சொல்கிறான், ஒன்றைத் தவிர. மறைந்து நின்று எய்தது ஏன் என்பதற்கு வாய் திறப்பவன் இலக்குவன். வால்மீகியில் இராமனே பேசுகிறான், நீ மரக்கிளை விலங்கு, வேட்டையில் மறைவு குற்றமில்லை என்று. கம்பன் அந்த விடையைத் தலைவன் வாயிலிருந்து எடுத்துத் தம்பி வாயில் வைத்தது சும்மா இல்லை. தலைவன் உதாத்தனாகவே நிற்க வேண்டும், கேள்வியும் கரையாமல் நிற்க வேண்டும்.

புறத்திணை:
இலம்பகம் 'விடை வேறு யாரிடமோ' என்று விட்ட இடத்துக்கு வருகிறேன்.

தொல்காப்பியம் புறத்திணையியலில், போரில் பட்ட மறவனுக்குக் கல் எடுக்கும் முறை ஆறு நிலை: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்வது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து.

வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைத் தலைப்புகளை எடுங்கள். குன்றக்குரவை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு. நடுவில் ஐந்து அப்படியே நடுகல் முறை. இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, செங்குட்டுவன் 32 மாதம் வஞ்சியை நீங்கியிருந்தது ஒரு நடுகல்லுக்காக. கல் யாருக்கு? வேலெடுத்தவனுக்கு இல்லை. ஒற்றைச் சிலம்போடு அரசவை ஏறியவளுக்கு.

தலைவன் யார் என்று வரையறை நூல்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இளங்கோ காதைத் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார். போரில் பட்ட மறவனுக்கு உரிய துறையை எடுத்துக் கண்ணகிக்குக் கட்டியிருக்கிறார். கோவலன் கிளவித் தலைவன், பாண்டியன் துன்பியல் தலைவன், செங்குட்டுவன் கல்லெடுத்த கொற்றவன், வீரன் என்ற இடம் அவளுக்கு. தனிகரின் விதியும் உடையவில்லை: அவள் நூல் முழுக்க வகை மாறவில்லை.

இலம்பகம்:
வகை மாறவில்லையா? 'மாற்றா உள்ள வாழ்க்கையேன்' என்று அடங்கி எழுந்து நடந்தவள் மதுரையை எரிக்கிறாள். சாந்தத்திலிருந்து உத்ததத்துக்கு இதைவிட நீண்ட தாவல் வேறு எங்கே?

புறத்திணை:
'மாற்றா உள்ளம்' என்ற சொல்லையே திரும்பப் படியுங்கள். மாறாத உள்ளம். கணவனோடு நடக்க வைத்ததும் அதுதான், அரசனோடு வழக்காட வைத்ததும் அதுதான். சூழல் மாறியது. இதில் நீங்கள் ஒத்துப்போக மாட்டீர்கள் என்று தெரியும்.

இலம்பகம்:
ஒத்துப்போகவில்லை. நகர் எரித்ததை உள்ளத்தின் தொடர்ச்சி என்றால் எதையும் தொடர்ச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுகல் வாதம் வலுவானது, அதை மறுக்கவில்லை.

காவிரிக்கரை:
அட்டவணையைத் திருத்துகிறேன். நான்கு ஆள் என்ற நெடுக்கு வரிசையை எடுத்துவிட்டு, அளவுகோல்களை நெடுக்காக வைக்கிறேன்: தண்டி, தசரூபகம், அரிஸ்டாட்டில், புறத்திணை. குறுக்கே நூல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'இந்தக் கோலால் அளந்தால் இந்த நூலில் யார்?' சிலம்பு வரிசை இப்படி: தண்டிக்கு ஒருவரும் முழுதாகப் பொருந்தவில்லை, தசரூபகத்துக்குக் கோவலன் (லலிதன் அல்லது சாந்தன், சச்சரவு உண்டு), அரிஸ்டாட்டிலுக்குப் பாண்டியன், புறத்திணைக்குக் கண்ணகி. சிந்தாமணி வரிசையில் தண்டிக் கட்டத்தில் சீவகன். இலியட்டில் புறத்திணைக் கட்டத்துக்கு அக்கிலீஸை எழுதுவதா எக்டரையா?

புறத்திணை:
எக்டர். 22-ஆம் பாகத்தில் பெற்றோர் மதிலிலிருந்து உள்ளே வா என்று கெஞ்சியும் வராமல் நிற்பதற்கு அவன் சொல்லும் காரணம், தன் பிடிவாதத்தால் படை அழிந்தது, ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது. வெண்ணிக் குயத்தியாருக்கு அவனை உடனே புரிந்திருக்கும். பிறகு பயந்து மதிலைச் சுற்றி ஓடுகிறான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

சுவடிப்பூச்சி:
அட்டவணையில் ஒரு அடிக்குறிப்பு. நடுகல் நிலை ஆறு, காதைத் தலைப்பு ஐந்துதான். 'பெரும்படை' என்ற பெயரில் தனிக் காதை இல்லை. யாராவது எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள்.